காஜா பட்டன் தைத்த கார்

காரை ஓட்டியவர்கள் உண்டு, காரை இடித்தவர்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் காரைக் கழுவியே ஆயுளைக் கழித்தவர்களும் உண்டு. காரைத் தைத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மேற்கு தாம்பரத்தில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார். வெளிநாட்டில் பிறந்திருந்தால் சிலை வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் பிறந்த பாவத்துக்குப் பட்டப்பெயர்தான் வைத்தோம்.

பட்டப்பெயர், காஜா பட்டன். தொழில், தையல். வீட்டின் முன்பக்கமே கடை. வாசலில் தொங்கிய போர்டில் அவருடைய சொந்தப் பெயரும் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் எழுத்து உதிர்ந்து 'டெய்லர்' மட்டும் மிஞ்சியிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோதுதான் அவர் பெயர் தெருவுக்கே தெரிந்தது. படித்துவிட்டு, "யாருய்யா இது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

பெயர் வந்த கதை சுலபம். துணி கொடுத்தவர் போய், "அண்ணா, சட்டை என்ன ஆச்சு?" என்று கேட்பார். இவர் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார். "எல்லாம் முடிஞ்சுது தம்பி. காஜா பட்டன்தான் பாக்கி" என்பார். அப்போது நம் துணி, நாம் கொடுத்த அதே மடிப்போடு, அதே பையில், அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அது நமக்குத் தெரிகிறது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் குரலில் ஒரு பிசிறு இருக்க வேண்டுமே, இருக்காது.

என் தலை தீபாவளிக்குக் கொடுத்த சட்டை, என் பையனுக்கு மொட்டை போடும்போது வந்து சேர்ந்தது. வயிற்றெரிச்சலோடு போட்டுப் பார்த்தேன். கன கச்சிதம்! இத்தனைக்கும் நடுவில் நான் நன்றாகவே பெருத்திருந்தேன்.

"எப்படிண்ணா இது?" என்றேன்.

"புதுசா கல்யாணம் ஆனவரு, சாப்பாடு சரியா எறங்கும். எனக்கும் எப்படியும் லேட்டாவும். அதான் அளவெடுக்கும்போதே ரெண்டு இஞ்ச் சேர்த்து வெட்டிட்டேன்."

இந்த மனுஷனிடம் எந்த வாயால் சண்டை போடுவது? சும்மா சொல்லக் கூடாது, கை வேலை அவ்வளவு சுத்தம். அதனால்தான் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அவரிடமே போனோம்.

எண்பதுகளின் நடுவில் கார் வந்தது. சானடோரியம் பக்கம் இருந்த வயதான டாக்டர் ஒருவருக்கு எல்லாப் பேண்ட்டும் இவர்தான் தைப்பார். டாக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு வடக்கே கிளம்பினார். வேப்ப மரத்தடியில் அவருடைய பழைய கார் ஒன்று நின்றது. சின்னக் கார், இரண்டே கதவு. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அவர்கள் நல்லபடியாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்கள், அதற்கப்புறம் நடந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். "கிளப்பிக்கிட்டுப் போக முடிஞ்சா நீயே எடுத்துக்கோப்பா" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேலிக்குச் சொன்னாரோ என்னவோ, மறுநாளே நம்மவர் மாட்டு வண்டிக்காரரோடு போய் நின்றுவிட்டார்.

அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்த காட்சியை நான் மறக்கவே மாட்டேன். முன்னால் இரண்டு மாடுகள், அப்புறம் கயிறு, அப்புறம் கார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காஜா பட்டன். மாடு திரும்பும்போதெல்லாம் இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி சிக்னல் காட்டினார். பின் சீட்டில் டாக்டர் வீட்டுக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு விரட்டியும் அது இறங்கவில்லை.

வாசலில் அவர் மனைவி சரோஜாக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இன்னாது இது?"

"காரு."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"வூட்ல படுக்கறதுக்கு ஒரு கட்டில் இல்ல, காராம்!"

"கட்டில்ல படுத்துக்கினு ஊருக்குப் போவ முடியுமா சரோஜா?" என்றார் இவர், மிக நியாயமாக.

கடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம், அதில் ஒரு முருங்கை மரம், தெருவைப் பார்த்து ஓர் இரும்புக் கேட். அந்தக் கேட் வழியாகக் கார் சல்லென்று உள்ளே இறங்கியது. உள்ளே போவது எப்போதுமே சுலபம்தான்.

காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக அவர் ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட்டவர் இல்லை. "மனுஷ ஒடம்பு, கார் ஒடம்பு எல்லாம் ஒண்ணுதான் தம்பி. தோள் கீது, இடுப்பு கீது, பின்பக்கம் கீது. அளவு தெரிஞ்சா போதும்" என்றார். இஞ்ச் டேப்பை எடுத்துக் காரைச் சுற்றிச் சுற்றி அளந்தார். சாக்குக்கட்டியால் கதவெல்லாம் கோடு போட்டார். துருப்பிடித்துப் போன இடங்களுக்கு முதலில் நியூஸ் பேப்பரை வெட்டி, குண்டூசி குத்த முடியாததால் சோற்றுப் பசை வைத்து ஒட்டி, ட்ரையல் பார்த்தார். அப்புறம் அதே அளவுக்கு எண்ணெய் டின்னை வெட்டினார்.

டின்னை ஒட்டவைக்கப் பம்மலிலிருந்து ஏழுமலை வருவார். தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு நடுவே வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரர். இருவருக்கும் தினமும் தகராறு.

"ஓரத்தை மடிச்சு உள்ள ஒரு இஞ்ச் விடு ஏழுமலை."

"எதுக்கு வாத்யாரே?"

"நாளைக்குப் பெருசாக்கணும்னா பிரிச்சு வுட்டுக்கலாம்ல?"

"மட்கார்டு இன்னா சோறு துண்ணு குண்டாவப் போவுதா? சும்மா பேஜார் பண்ணாத வாத்யாரே!"

கடைசியில் ஒரு இஞ்ச் உள்ளே விட்டுத்தான் வெல்டிங் ஆனது.

எஞ்சினை ஏழுமலை பிரித்துப் போட்டார். மாட்டுவதற்குள் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்து ஒரு வாரம் வரவில்லை. நம்மவருக்குப் பொறுமை ஏது, தானே மாட்டிவிட்டார். மாட்டி முடித்ததும் ஒரு டப்பா நிறைய நட்டும் ஸ்க்ரூவும் வாஷரும் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். துணியில் மிச்சம் பிடித்தே பழகிய கை அல்லவா, இவருக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா ஏழுமலை, கம்பெனிக்காரன் தண்டமா போட்டு வெச்சிருக்கான். நான் சிக்கனமா போட்டேன், இவ்ளோ மிச்சம்!"

ஏழுமலை டப்பாவைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், பீடி பற்றவைக்கத் தெருவுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் அது கிளம்பியது! கிளம்பியதும் விட்ட புகையில் எதிர் வீடான எங்கள் வீடு காணாமல் போய்விட்டது. கொடியில் காய்ந்த என் வேட்டிகள் கறுப்புக் கொடியாகிவிட்டன. என் மனைவி சண்டைக்குப் போனாள், போன வேகத்தில் இருமிக்கொண்டு திரும்பிவிட்டாள். சில நிமிடம் ஓடும், தானாக நின்றுவிடும், மூடு வந்தால் மறுபடி கிளம்பும். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அவர் தினமும் காலையில் கொஞ்ச நேரம் 'ஓட்டுவார்'. ஹாரன் மட்டும் பழுதே ஆனதில்லை. ரயிலுக்கு ஓடுகிற நாங்கள் அந்த ஹாரனைக் கேட்டுத்தான் குளிக்கப் போவோம்.

சீட்டுக்கு உறை தைத்தபோது இன்னொரு கலவரம். விதவிதமான பட்டு, சில்க், காட்டன் துண்டுகளை இணைத்து, பார்க்க ரொம்ப அழகாகத் தைத்து மாட்டினார். வேடிக்கை பார்க்கப் போன பெண்களில் ஒருத்தி, "ஐயையோ, இது என் சீமந்தத்துப் பிளவுஸ் துணியாச்சே!" என்று கத்தினாள். உடனே இன்னொருத்தி. அப்புறம் என் மனைவி. "துணி பத்தலக்கா, கை கொஞ்சம் கட்டையாத்தான் வரும்" என்று இவர் சொன்ன பிளவுஸ்களின் கைகளெல்லாம் அந்தச் சீட்டில் இருந்தன. தெருவே சூழ்ந்துகொண்டு நியாயம் கேட்டது.

இவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஏன்க்கா சத்தம் போடறீங்க? நீங்க பஸ்ல தொங்கறீங்க. உங்க துணியாவது கார்ல போவட்டுமே!"

இப்படியே வருடங்கள் ஓடின. "கார் எப்போண்ணா?" என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். கேட்பதையே நாங்கள் விட்டுவிட்டோம். கார் வந்தபோது ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அவர் மகள் கலா, டைப்ரைட்டிங் முடித்து, புடவை கட்டி, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. கதை இனிமேல்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை வீடு கூடுவாஞ்சேரி. விவசாயக் குடும்பம், பிறகு நிலத்தை மனை போட்டு நல்ல நிலைமைக்கு வந்தவர்கள். மாப்பிள்ளை பெயர் மோகன், ஆபீஸ் வேலை, சாது. அவருடைய அப்பா அப்படியல்ல. ரொம்பக் கறார். நேரம் என்றால் நேரம். பெண் பார்க்க மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி, இரண்டே முக்காலுக்கே தெருமுனைக்கு வந்துவிட்டு, மூன்று அடிக்கும்வரை வேனிலேயே உட்கார்ந்திருந்த மனிதர். எதிர் வீட்டு மரியாதைக்கு நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பஜ்ஜி வந்தது, பேச்சு நன்றாகப் போனது. அப்போது பார்த்து வாசலில் ஒரு குரல். "யோவ் காஜா பட்டன்! பொங்கலுக்குக் குடுத்த பேண்ட்டுய்யா! அடுத்த பொங்கலே வருதுய்யா! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" சரோஜாக்கா ஓடிப்போய் அந்த ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். உள்ளே எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது.

சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கலாவைப் பார்த்து, "ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. உங்கப்பா கல்யாண வேலையெல்லாம் நேரத்துக்குச் செஞ்சிடுவாரா?" என்றார்.

கலா அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகச் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள். "எங்கப்பா ஒரு டயம் சொன்னா, அந்த டயத்துக்குச் செஞ்சிடுவாரு மாமா."

நான் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். பள்ளிக்கூட யூனிபார்மையே ஆகஸ்ட் மாதம் வாங்கிப் போட்ட பெண் அது! காஜா பட்டனைப் பற்றி இந்த உலகத்தில் யாரும், அவரைப் பெற்றவர்கள்கூட, அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்ள அழைப்புக்கு நம்ம சொந்த வண்டியே கீது சம்பந்தி. ஓப்பன் காரு. சாய்ந்தரம் கரெக்டா ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசல்ல நிக்கும்."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். முதலாவது, அந்தக் கார் வந்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டியதில்லை. இரண்டாவது, அது ஓப்பன் காரே இல்லை.

வேன் கிளம்பிப் போனதும் சரோஜாக்கா பிடித்துக்கொண்டார். "வாய் இருக்குதுன்னு இப்படியா அளப்பாங்க? மரியாதையா ஒரு வாடகை கார் சொல்லி வெச்சிடு. நல்ல முகூர்த்தம், அப்புறம் தேடினாலும் கெடைக்காது."

"வாடகை வண்டி வந்து நின்னா கலா சொன்னது பொய்யாயிடும் சரோஜா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அதில் கேலியும் இல்லை, சாக்கும் இல்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆறு மணிக்குக் கார் நிற்காவிட்டால் போவது இவர் மானம் இல்லை, அதெல்லாம் ஆணியில் தொங்கி ரொம்ப நாளாகிறது. புகுந்த வீட்டில் கலாவின் முதல் பேச்சே பொய்யாகிவிடும். அந்தக் கறார் மனிதர் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

மறுநாளிலிருந்து கடையில் மிஷின் ஓடவில்லை. தெருவில் ஒருவர் துணியையும் அவர் தொடவில்லை. காரின் தலையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு ஏழுமலைக்கு ஆள் அனுப்பினார்.

ஏழுமலை கோட்டைப் பார்த்துப் பதறினார். "வேணாம் வாத்யாரே, டாப்பை எடுத்துட்டா வண்டி நடுவுல தொங்கிப் பூடும். மேல கீற கூரைதான் கீழ கீறத புடிச்சிகினு கீது."

"காலரை எடுத்தா சட்டை தொங்கிடுமா?"

"சட்டை இல்ல வாத்யாரே, இது காரு!"

"நீ வெட்டு."

வெட்டினார்கள். தொங்கியது. நடு வயிறு இறங்கி, இரண்டு கதவும் நெரிந்து, திறக்கவே முடியாமல் இறுகிப்போயின. ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு, அடியில் இரும்பு ஆங்கிளை நீளவாட்டில் வைத்து வெல்டிங் அடித்தார். தொங்கல் நின்றது. ஆனால் ஆங்கிளோடு சேர்ந்து வண்டி தரையை ஒட்டிவிட்டது, கதவு நிரந்தரமாக மூடிக்கொண்டது. ஏறவேண்டுமென்றால் தாண்டித்தான் ஏற வேண்டும். காஜா பட்டன் வெட்டிய ஓரம் முழுவதும் ஜரிகை வைத்து மடித்து அடித்தார். நாலு மூலையிலும் கம்பி நட்டு, மேலே பந்தல் மாதிரி மெரூன் கலர் துணி, சுற்றிலும் சுருக்கு வைத்த குஞ்சம். அதைக் கம்பியோடு பிணைக்க வரிசையாகப் பட்டன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், அதாவது மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில் போய், "எந்த அளவுலண்ணா இருக்கு?" என்றேன். "எல்லாம் முடிஞ்சுது தம்பி. காஜா பட்டன்தான் பாக்கி" என்றார். எட்டிப் பார்த்தேன். சத்தியமாகக் காஜா பட்டன் மட்டும்தான் பாக்கி! மத்தியானத்துக்குள் அதையும் முடித்துவிட்டார். கார் இளம் பச்சையில் பளபளவென்று நின்றது. மரத்தைச் சுற்றி நின்று நாங்கள் கை தட்டினோம். எங்கள் புதுத் துணியெல்லாம் அவர் ஆணியில் கிடக்க, தெருவே பழைய சட்டையோடுதான் நின்றது, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சாயந்தரம் ஐந்து மணி. பட்டு வேட்டி கட்டி, கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்தபடி, அவர் கதவைத் தாண்டி உள்ளே குதித்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஏழுமலை கேட்டை அகலமாகத் திறந்தார். திறந்துவிட்டு, "ஐயோ வாத்யாரே" என்றார்.

எங்கள் பக்கத்து ரோடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புது ரோடு போடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு. ஒவ்வொரு தடவையும் நாங்களே நின்று மேஸ்திரிக்கு மோர் கொடுப்போம். ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்கெல்லாம் இப்போது படி இறங்கிப் போகிறோம். கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. போதாக்குறைக்கு மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று காஜா பட்டனே கேட்டுக்குக் கீழே சிமெண்டில் ஒரு திண்டு வேறு கட்டியிருந்தார். கார் உள்ளே இறங்கியபோது சரிவாக இருந்த இடம், இப்போது சுவராக நின்றது. காரின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்த மனுஷன், கேட்டிலிருந்து தெருவுக்கு எவ்வளவு உயரம் என்று மட்டும் அளக்கவே இல்லை.

பலகை போட்டுப் பார்த்தார்கள். முன் சக்கரம் ஏறித் தெருவைத் தொட்டது. அத்தோடு வண்டியின் வயிறு திண்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் வீட்டு மண்ணை வாரி எங்கள் மேல் அடித்தது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து எஞ்சினும் இருமிவிட்டு நின்றது. டப்பாவில் மிச்சமிருந்த எந்த ஸ்க்ரூவின் சாபமோ, அப்புறம் அது கிளம்பவே இல்லை.

கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்! யாரோ டாக்ஸி ஸ்டாண்டுக்கு சைக்கிளில் போய், "ஒரு வண்டியும் இல்ல" என்று திரும்பி வந்தார்கள்.

காஜா பட்டன் இறங்கி வந்து திண்டின் உயரத்தை டேப்பால் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். "இங்க அளவெடுக்க வுட்டுட்டேன் தம்பி" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு திண்டின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சரோஜாக்கா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா இழவு வூடு மாதிரி நிக்கறீங்க?" என்று ஒரு சத்தம். ஏழுமலைதான். "கூரை இல்ல, ஒண்ணும் இல்ல, டப்பா வண்டி. தூக்க மாட்டீங்க? பந்தல் கட்ட வந்த சவுக்குக் கட்டைய எட்த்தாங்கபா!"

அடுத்து நடந்ததை எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது. பொங்கல் பேண்ட்காரர்தான் முதல் ஆள். பெண் பார்க்கும் அன்று வாசலில் கத்தினாரே, அவரேதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டைக்குத் தோள் கொடுத்தார். "இந்த ஆளுக்காக இல்ல, நம்ம கலாவுக்காக!" என்று கத்தினார். அப்புறம் யார் நின்றது, யார் போனது என்றே தெரியவில்லை. பிள்ளையார் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்கும் பழக்கம் எங்கள் தெருவுக்கு உண்டு. அடியில் கட்டைகளைச் செருகி, "ஏலேலோ" என்று ஒரு குரல் எடுத்து, ஒரே தூக்கு. ஜரிகையும் குஞ்சமும் ஆட, அந்தப் பச்சைக் கார் எங்கள் தோள்மேல் எழுந்து, திண்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அந்தத் தெருவில் அவர் துணியை இழுத்தடிக்காத வீடே கிடையாது. தூக்காத வீடும் கிடையாது.

"ஏறு வாத்யாரே, நீ ஸ்டியரிங்க புடி, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஏழுமலை. தள்ளிக்கொண்டே ஓடினோம். தெரு திரும்பி, கோயில் கண்ணில் படுமுன் மூச்சை அடக்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி காரை ஒட்டி நடந்தோம். கை மட்டும் பின்னால் இருந்த பம்பரில். கார் கோயில் வாசலில் போய் நின்றபோது சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அடிக்க இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அவர் காரைச் சுற்றி வந்தார். ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை கதவைத் திறக்கப் பார்த்தார், அது அசையவில்லை.

"ஓப்பன் காருக்குக் கதவைத் தெறந்து ஏர்றது மரியாதை இல்ல மாப்ளே. தாண்டி ஏறணும். அதான் ஸ்டைலு" என்றார் காஜா பட்டன். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்!

மாப்பிள்ளை தாண்டி ஏறினார். நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, கார் நகர்ந்தது. காஜா பட்டன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பீரமாகத் திருப்பினார், தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். பின்னால் எங்கள் நாக்கு தொங்கியது. சம்பந்தி காரோடு நடந்து வந்தார். கொஞ்ச தூரம் போனதும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆச்சரியமா இருக்கே! எஞ்சின் சத்தமே இல்லையே! வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க சம்பந்தி."

"எல்லாம் சிக்கனமா மாட்டினதுதாங்க" என்றார் இவர்.

எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து பிடியை விட்டோம், கார் நின்றேவிட்டது. சத்தம் கேட்டு மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். வேர்த்து ஊற்றிக்கொண்டு குனிந்து நிற்கிற எங்கள் அத்தனை பேரையும் பார்த்தார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் மெதுவாக முன்னால் திரும்பி, "ஆமாம்ப்பா, ரொம்ப நல்ல வண்டி" என்று அப்பாவிடம் சொன்னார். மாலையைச் சரிசெய்கிற சாக்கில் கையைப் பின்னால் கொண்டுவந்து, தள்ளுங்கள் என்று சைகை காட்டினார். கலாவுக்கு நல்ல இடம்தான் என்று அந்த இடத்திலேயே எனக்கு நிம்மதியாகிவிட்டது.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கலா மாடி வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிற வழியில் சம்பந்தி அண்ணாந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "உங்கப்பா சொன்ன நேரத்துக்குக் கொண்டாந்து நிறுத்திட்டாரும்மா!"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாமா" என்றாள் கலா, இது என்ன பெரிய விஷயம் என்கிற குரலில்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சமையல்காரர்கள் காய் நறுக்குகிற இடத்தில், ஒரு தூணைப் பார்த்து நின்றுகொண்டு, பட்டு அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"வெங்காயம் தம்பி. பேஜாரா எரியுது."

அங்கே நறுக்கிக்கொண்டிருந்தது முழுக்கப் பூசணிக்காய்.

"ஆமாண்ணா, ரொம்பக் காரமான வெங்காயம்" என்று சொல்லிவிட்டு, அவர் அங்கவஸ்திரத்தின் இன்னொரு முனையை வாங்கி நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.